வெயில் ஒத்துக்கொள்ளாத தோலும் தைரொய்ட்டும்: ஓர் ஆசிரியைக்குப் பதில்

கல்முனைப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். வயது 34. இரண்டு வருடமாக, ஸ்கூட்டியில் பள்ளிக்கூடம் போய்வரும் நாட்களில் முன்கையிலும் கழுத்தடியிலும் கடுகு போலப் பருக்கள் எழும்பிக் கடிக்கின்றனவாம். நாலைந்து நாளில் தானாக அடங்கிவிடுமாம். போன மாதம் இரத்தம் சோதித்ததில் ரீ.எஸ்.எச். (தைரொய்ட்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் ஓமோன்; சுரப்பி சோர்ந்தால் இது ஏறும்) 6.2. "தைரொய்ட்டால்தான் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, தைரொக்சின் ஓமோன் குளிசை போட்டால் இரண்டும் மாறிவிடும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அது உண்மையா என்பது கேள்வி. முடி கொட்டுவதற்கு ஒரு விட்டமின் குளிசை எடுப்பதையும், மாமி முகத்துக்குத் தேசிக்காய்ச் சாறு பூசச் சொல்வதையும் கடைசியில் ஒரு வரியாக எழுதியிருக்கிறார்.

இதை இரண்டு கேள்வியாகப் பிரித்துக்கொள்கிறேன். தைரொய்ட்டுக்கும் வெயில் பட்டால் வரும் தோல் நோய்க்கும் தொடர்பு உண்டா? தைரொய்ட்டுக்கு மருந்து எடுத்தால் தோல் சரியாகுமா? முதலாவதுக்கு, எந்தத் தோல் நோய் என்பதைப் பொறுத்து, உண்டு. இரண்டாவதுக்குப் பெரும்பாலும் இல்லை. நீங்கள் வாய்விட்டுக் கேட்காத மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: இதற்குப் பின்னால் பெரிதாக ஏதும் ஒளிந்திருக்கிறதா? எனக்கு அதுதான் முக்கியம். நான் கிழக்கில் இருபது வருடத்துக்கு மேல் வைத்தியம் பார்த்தவன், அதில் பெரும்பகுதி தோல் கிளினிக்கில். ஓமோன் வைத்திய நிபுணன் அல்ல. உங்கள் தோலை நேரில் பார்க்கவும் இல்லை. அந்த அளவுக்குள் வைத்து இதை வாசியுங்கள்.

"வெயில் ஒத்துக்கொள்ளுதில்லை" என்று நம்மவர்கள் சொல்வதில் குறைந்தது மூன்று நோய் இருக்கிறது. ஒருமுறை படுவான்கரையிலிருந்து, அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலிருந்து, ஒரு வயற்காரர் வந்தார். நாற்பது வயதிருக்கும். "வயலுக்குள்ள இறங்க ஏலாது டொக்டர், வெயில் சுத்தமா ஒத்துக்கொள்ளுதில்ல" என்றார். தோலில் ஒரு பருகூட இல்லை. கையைத் தொட்டால் சூடாக, ஈரமாக இருந்தது. கையை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் அவருடைய கிளினிக் காகிதத் துண்டையே விரித்து வைத்தேன். காற்றாடியை நிறுத்திய பிறகும் துண்டின் ஓரம் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. நன்றாகச் சாப்பிட்டும் ஆறு கிலோ இறங்கியிருந்தது. அவருக்குத் தைரொய்ட் அதிகமாகச் சுரக்கிற நோய். அவர் உடம்பு தாங்காதது வெக்கையை; வெயிலின் ஒளியை அல்ல. நிழலில் நின்றாலும் அவருக்கு வேர்க்கும். இந்த வகை மட்டும்தான் தைரொய்ட்டை அடக்கினால் நேரடியாக மாறும். உங்களுக்குத் தைரொக்சின் போடச் சொன்னவர் எங்கோ இப்படி ஒருவரைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் ரீ.எஸ்.எச். 6.2 என்பது எதிர்ப்பக்கம்: உங்கள் சுரப்பி அதிகமாக அல்ல, கொஞ்சம் சோம்பலாக வேலை செய்வதைக் காட்டுவது.

இரண்டாவது, வேர்க்குரு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை முழுக்க இதுதான். உடுப்பால் மூடிய இடத்தில், முதுகில், மடிப்புகளில் வரும். உங்களுக்கு மூடாத இடத்தில் வருகிறது. ஆகவே நீங்கள் மூன்றாவது கூட்டம்: ஒளியே ஒத்துக்கொள்ளாதவர்கள்.

அந்தக் கூட்டத்துக்குள் ஆளைப் பிரிக்க நான் முதலில் கேட்பது மணிக்கூட்டைத்தான். வெயில் பட்டு எவ்வளவு நேரத்தில் வந்தது, எவ்வளவு நாள் நின்றது? சில நிமிடத்தில் தடித்து, நிழலுக்குப் போனதும் ஓரிரு மணித்தியாலத்தில் மறைந்தால் அது வெயிலால் வரும் தடிப்பு. சில மணித்தியாலத்தில் அல்லது அன்று இரவு கடிக்கத் தொடங்கி, சில நாள் நின்று, தழும்பில்லாமல் போனால் அது பல்வடிவ ஒளித்தோலழற்சி. பெயர்தான் பயமுறுத்தும், வெயிலால் வரும் தோல் நோய்களில் மிகச் சாதாரணமானது இதுதான். இருபது, முப்பது வயதுப் பெண்களுக்குக் கூடுதலாக வரும். நம் போன்ற கறுத்த, மாநிறத் தோலில் குண்டூசித் தலை அளவு பருக்களாகத்தான் பெரும்பாலும் தெரியும். வெயில் பட்டுப் பல நாள் கழித்து எழும்பி, வாரக்கணக்கில் நின்று, கறுப்போ வெள்ளையோ அடையாளம் விட்டுப் போனால் நான் நிமிர்ந்து உட்காருவேன். லூபஸ் அப்படி வரும்: உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோல், மூட்டு, சிறுநீரகம் என்று சொந்த உறுப்புகளைத் தாக்கும் நோய் அது.

நீங்கள் எழுதியது பல்வடிவ ஒளித்தோலழற்சிக்கு அச்சாகப் பொருந்துகிறது. குளிர் நாடுகளில் இது பனிக்காலம் முடிந்து முதல் வெயில் படும்போது வரும், கோடை போகப் போகத் தோல் பழகிக் குறையும். நமக்குப் பனிக்காலம் இல்லை. ஆனால் மார்கழி மழையும் முகிலும் விலகி, பெரும்போக அறுவடைக்கு வெளிக்கும் மாதங்களில் கிளினிக்கில் இந்த முகங்கள் கூடுவதைக் கண்டிருக்கிறேன். ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. நண்பகலில் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் அதில் ஓரிரு நாள் வித்தியாசம்தான். ஆகவே "அங்கே ஒத்துக்கொள்கிறது, இங்கே ஒத்துக்கொள்வதில்லை" என்றால் இடத்தைவிட நீங்கள் வெளியில் நின்ற நேரத்தைப் பாருங்கள்.

சரி, தைரொய்ட். நம் நாட்டில் 1995 முதல் உப்பில் அயடின் சேர்ப்பது சட்டம். முன்பு ஈரவலயத்தில் அயடின் குறைவால் கழுத்துக் கழலை நிறைய இருந்தது. இப்போது உங்களைப் போன்ற வயதுப் பெண்களுக்குத் தைரொய்ட் சோர்வதற்கு முதல் காரணம் அயடின் அல்ல. உடம்பின் நிர்ப்பீடனமே, அதாவது நோய் எதிர்ப்புச் சக்தியே, சொந்தச் சுரப்பியைத் தாக்குவது. ஹஷிமோட்டோ நோய் என்பார்கள். ஒளி ஒத்துக்கொள்ளாத சில தோல் நோய்களும் இதே வகையில்தான் பிறக்கின்றன. லூபஸில் வெயிலின் கழியூதா (யூ.வி.) கதிர் பட்டுச் சாகும் தோற்கலங்கள், உள்ளே இருந்த சில புரதங்களை மேற்பரப்புக்குத் தள்ளிவிடுகின்றன. அவற்றைப் பிடிக்கும் பிறபொருளெதிரிகள் (எதிர்ப்புச் சக்தியின் தாக்கும் புரதங்கள்) ஏற்கெனவே இரத்தத்தில் காத்திருக்கும். ஆக இரண்டும் ஒரே வளவுக்குள் இருக்கும் இரண்டு வீடு. இந்த வீட்டில் தைரொக்சின் கொடுத்தால் அந்த வீட்டில் நெருப்பு அணையாது.

எந்தெந்த நோய்க்குத் தொடர்பு உறுதி என்று கேட்டால் மூன்றைத் தயங்காமல் சொல்வேன். லூபஸ் உள்ளவர்களுக்குத் தைரொய்ட் குறைவு பொதுமக்களைவிடக் கூடுதல். வெண்புள்ளி உள்ளவர்களுக்கும் அப்படியே; நிறமில்லாத இடம் வெயிலில் சுலபமாகக் கருகும் என்பதால் அவர்களும் "வெயில் ஒத்துக்கொள்ளுதில்லை" என்றே வருவார்கள், தைரொய்ட் பார்ப்பது அங்கே வழக்கமான நடைமுறை. (வெண்புள்ளி தொழுநோய் அல்ல, தொற்றாது. எத்தனை தரம் சொன்னாலும் கலியாணப் பேச்சில் மறுபடி கேட்கிறார்கள்.) மூன்றாவது, ஆறு கிழமைக்கு மேல் காரணமின்றி வந்து வந்து போகும் தடிப்பு. இது வெயிலால் வரும் தடிப்பிலிருந்து வேறு. இவர்களில் கணிசமானோருக்குத் தைரொய்ட்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருக்கும்.

சந்தேகத்துக்குரியவை இரண்டு. ஒன்று உங்களுடையதாக இருக்கக்கூடிய பல்வடிவ ஒளித்தோலழற்சி. பின்லாந்தில் நூற்றுக்கும் குறைவான நோயாளிகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு, அவர்களில் சிலருக்குத் தைரொய்ட் உட்படத் தன்னைத்தான் தாக்கும் நோய்கள் வந்ததைச் சொன்னது. இருக்கலாம் என்ற அளவுக்கு அது காணும். இருக்கிறது என்று அடித்துச் சொல்லக் காணாது. இரண்டும் இளம் பெண்களுக்கு அதிகம் வரும் நோய்கள், ஒரே ஆளுக்குத் தற்செயலாகச் சேர்ந்தும் வரலாம். மற்றது கன்னத்தில் படரும் மங்கு. அதற்கும் தைரொய்ட்டுக்கும் தொடர்பு காட்டிய ஆய்வுகள் உண்டு. ஆனால் மங்குக்காகத் தைரொக்சின் கொடுக்க அவை போதாது.

வெயில் கூச்சமும் தைரொய்ட் கோளாறும் சேர்ந்து வர இன்னொரு வழியும் இருக்கிறது: மருந்து. அதைக் கற்றுக்கொள்ள நான் ஒரு தவறு செய்ய வேண்டியிருந்தது. அனுபவம் குறைந்த காலம். எழுபது வயது ஐயா ஒருவர், நெற்றியும் மூக்கும் சாம்பல் கலந்த ஊதாவாக மாறி வந்தார். வெயிலில் முகம் எரிகிறது என்றார். தொப்பி போடச் சொல்லி, சன்ஸ்கிரீன் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மூன்று மாதம் கழித்து மகன் கூட்டிவந்தபோது சேட்டுக்குள் ஆள் பாதியாக இருந்தார், நாடி ஓடிக்கொண்டிருந்தது. மகன் கையிலிருந்த கடைப் பையை மேசையில் கொட்டினேன். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததற்குக் கொடுத்த அமியோடரோன் உள்ளே இருந்தது. அந்த மருந்து வெயிலில் தோலை எரிக்கும், நிறத்தை மாற்றும், தைரொய்ட்டையும் ஆட்டும். 200 மில்லிகிராம் குளிசை ஒன்றில் ஏறக்குறைய 75 மில்லிகிராம் அயடின் இருக்கிறது. ஒரு மனிதருக்கு நாளொன்றுக்குத் தேவை 150 மைக்கிரோகிராம்தான். முதல் நாளே பையைக் கேட்டிருந்தால் மூன்று மாதம் மிஞ்சியிருக்கும். அன்றிலிருந்து யார் வெயில் என்று வந்தாலும் வீட்டிலிருக்கும் மருந்தெல்லாம் பையோடு வர வேண்டும். பருவுக்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின், பிரஷருக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதையசைட், சில மூட்டுவலிக் குளிசைகள் எல்லாம் தோலை வெயிலுக்குக் கூசவைக்கும். நாட்டு மருந்தையும் சொல்லுங்கள். வெண்புள்ளிக்குக் கொடுக்கும் கார்போகரிசி வேலை செய்வதே தோலை ஒளிக்குக் கூசவைத்துத்தான். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். அமியோடரோனை நிச்சயமாக வேண்டாம். எழுதிக் கொடுத்த வைத்தியரிடம் கேளுங்கள்.

இனி உங்கள் 6.2. பெரும்பாலான ஆய்வுகூடங்களில் 0.4 முதல் 4 வரை சாதாரணம். இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு குளிசை தொடங்க நான் அவசரப்பட மாட்டேன். காய்ச்சல் வந்து தேறும் காலத்திலும் இது கொஞ்சம் ஏறும். இரண்டு மூன்று மாதம் கழித்து ரீ.எஸ்.எச்.ஸோடு சுயாதீன ரீ4 (இரத்தத்தில் கட்டுப்படாமல் ஓடும் தைரொக்சின்) அளவையும், தைரொய்ட் பெரொக்சிடேஸ் பிறபொருளெதிரியையும் சேர்த்துப் பாருங்கள். ரீ4 சரியாக இருந்து ரீ.எஸ்.எச். 10க்குக் கீழே நின்றால் பலருக்கு மருந்து தேவைப்படாது, இடைக்கிடை பார்த்தால் காணும். 10ஐத் தாண்டினால் பெரும்பாலும் தொடங்குவார்கள். பிறபொருளெதிரி இருந்தால் வருங்காலத்தில் சுரப்பி மேலும் சோர வாய்ப்புக் கூட. குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றால் கணக்கு வேறு: அப்போது இரண்டு மூன்று மாதம் காத்திருக்காமல் இப்போதே வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.

அந்த முடிக் குளிசையின் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பயோட்டின் என்று 5 அல்லது 10 மில்லிகிராம் போட்டிருந்தால், இரத்தம் கொடுக்க இரண்டு நாளாவது முன்னால் நிறுத்துங்கள். அது தைரொய்ட்டைக் கெடுப்பதில்லை, சோதனையைக் கெடுக்கும். பல இயந்திரங்களில் ரீ.எஸ்.எச்.ஸை உள்ளதைவிடக் குறைத்தும் ரீ4ஐக் கூட்டியும் காட்டும். அதாவது உங்கள் உண்மையான எண் 6.2ஐவிடக் கூடவாகவும் இருக்கலாம்.

தைரொக்சின் எழுதப்பட்டால் விடியக் காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. பால் தேநீர் அரை மணித்தியாலமாவது பொறுக்கட்டும், ஒரு மணித்தியாலம் என்றால் நல்லது. இரும்புக் குளிசையும் கல்சியமும் நாலு மணித்தியாலம் தள்ளி. அளவு சரியா என்று, தொடங்கி ஆறு கிழமை ஆகுமுன் சோதித்துப் பயனில்லை. குளிசைப் போத்தலை யன்னல் கட்டில் வைக்காதீர்கள். வெக்கையும் ஒளியும் அதன் வீரியத்தைக் குறைக்கும், நம் ஊர் யன்னல் இரண்டுக்கும் குறைவைப்பதில்லை. மரவள்ளி, கோவா சாப்பிடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். அவித்து, அளவாகச் சாப்பிடுங்கள். அயடின் நிறைந்த கடற்பாசிக் குளிசைகளை மட்டும் தொடாதீர்கள்.

பெரிதாக ஏதும் ஒளிந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம் என்றேனே. களைப்பு, முடி கொட்டுதல், மூட்டு உளைவு மூன்றும் தைரொய்ட் குறைவிலும் வரும், லூபஸிலும் வரும். எண் ஒன்று ஏறியிருந்தால் எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டுவிடுவது வைத்தியர்களுக்கும் சுலபம், நோயாளிகளுக்கும் சுலபம். ஆகவே நீங்களே பாருங்கள்: இரண்டு கன்னமும் மூக்குத் தண்டும் சிவந்து, மூக்கோர மடிப்பு மட்டும் தப்பி நிற்கிறதா? வாய்க்குள் நோகாத புண் வருகிறதா? விடியக் காலையில் விரல் மூட்டுகள் இறுகுகின்றனவா? காரணமில்லாத காய்ச்சல், கருச்சிதைவு, கால் வீக்கம், சிறுநீர் நுரைத்துப் போவது? ஒன்று இருந்தாலும் கிளினிக்குக்குப் போங்கள். நுரையும் கால் வீக்கமும் என்றால் அந்தக் கிழமையே போங்கள். ஒன்றுமில்லாவிட்டாலும் ஒரு முழு இரத்தச் சோதனையும் சிறுநீர்ப் புரதமும் செய்துவிடலாம், அதிகச் செலவில்லை. லூபஸுக்கான ஏ.என்.ஏ. சோதனையைப் பற்றி ஒரு எச்சரிக்கை: லூபஸ் இல்லாமல் தைரொய்ட் மட்டும் உள்ளவர்கள் பலருக்கும் அது கொஞ்சம் நேர்நிலையாக வரும். அந்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் அழுதுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ரோ என்ற பிறபொருளெதிரி இருந்தால் மட்டும், கர்ப்பத்துக்கு முன்பே தெரிந்திருப்பது நல்லது. அரிதாக, நூற்றுக்கு ஒன்றிரண்டு பேரில், குழந்தையின் இதயத் துடிப்பைப் பாதிக்கும்.

இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும். முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள்? இதைக் கேட்டபோது ஒருமுறை கிளினிக்கில் ஒரு பிள்ளை கைப்பையைத் துழாவி, பெயரும் இல்லாத, மருந்தின் விபரமும் இல்லாத ஒரு குட்டி டப்பாவை எடுத்து மேசையில் வைத்தது. மூடி திறந்ததும் மல்லிகை வாசம். "வெள்ளையாக்கிற கிறீம், எல்லாரும் பூசுறாங்க" என்றது. கன்னத்தில் சின்ன இரத்த நாளங்கள் வலை பின்னியதுபோலத் தெரிந்தன, தோல் சிகரட் தாள் மாதிரி மெலிந்திருந்தது. இவற்றில் சிலவற்றில் கடுமையான ஸ்டெரொயிட் இருக்கும், சிலவற்றில் பாதரசமே இருக்கும். அப்படி மெலிந்த முகம் எந்த வெயிலையும் தாங்காது. அதற்குத் தைரொய்ட்டைச் சோதித்து என்ன செய்ய? நீண்ட நாள் பூசியிருந்தால் திடீரென்று நிறுத்தும்போது முகம் சிவந்து எரியும், ஆகவே தோல் வைத்தியரின் கண்காணிப்பில் விடுங்கள்.

பருக்களுக்கு முதல் மருந்து உடுப்பு. நெருக்கமாக நெய்த நீளக்கை, ஸ்கூட்டிக்குக் கையுறை. காத்தான்குடிப் பக்கமிருந்து வரும், உடம்பு முழுக்க மூடி உடுக்கும் சகோதரிகளுக்குப் புறங்கையில் மட்டும் வருவதைப் பார்த்தால் உடுப்பு எவ்வளவு காக்கிறது என்று தெரியும். மூடாத இடத்துக்கு எஸ்.பி.எஃப். 30க்குக் கூடிய, யூ.வி.ஏ. என்ற கழியூதாக் கதிரையும் தடுக்கும் சன்ஸ்கிரீன். முகத்துக்கும் கழுத்துக்கும் சுட்டுவிரலும் நடுவிரலும் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு. பலர் பொட்டுப் பொட்டாக வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். வேர்க்கும் ஊர், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். கண்ணாடியை நம்பாதீர்கள். சாதாரண யன்னல் கண்ணாடி யூ.வி.பி.யை நிறுத்தும், யூ.வி.ஏ.யை விட்டுவிடும், கொழும்பு பஸ்ஸில் யன்னலோரம் பகலில் போய் இறங்கியவருக்கு ஒரு கையில் மட்டும் பரு எழும்புவது அதனால்தான். எழும்பியபின் சில நாளைக்கு ஸ்டெரொயிட் பூச்சு உதவும், ஆனால் எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்த நாளுக்கு மட்டும். அதற்கும் அடங்காவிட்டால் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் போன்ற குளிசைகள் இருக்கின்றன, கண் சோதனையோடு. வெயிலை முற்றாகத் தவிர்ப்பவர்களுக்கு விட்டமின் டி குறையும், அதையும் கேளுங்கள். கல்சியம் சேர்ந்த குளிசையாக இருந்தால் மேலே சொன்ன நாலு மணித்தியாலக் கணக்கு மறக்க வேண்டாம்.

கிளினிக் நாளன்று உங்கள் தோல் சுத்தமாக இருக்கும். எப்போதும் அப்படித்தான் நடக்கும். ஆகவே அடுத்த முறை எழும்பும்போது போனில் படம் எடுத்து வையுங்கள்: எத்தனை மணிக்கு வெளியே போனீர்கள், எத்தனை மணிக்குக் கடி தொடங்கியது, எந்த நாள் அடங்கியது. என்னைப் போன்ற ஆளுக்கு அந்த மூன்று வரி, ஆறு இரத்தச் சோதனையைவிட உதவும்.

பிறகு, மாமியின் தேசிக்காய். வேண்டாம், தங்கச்சி. தேசிக்காயின் தோலிலும் சாற்றிலும் ஒளியோடு சேர்ந்து தோலை எரிக்கும் பொருள் இருக்கிறது. பூசிக்கொண்டு வெளியே போனால் சாறு வழிந்த கோட்டிலேயே கொப்புளித்து, பிறகு மாதக்கணக்கில் கறுத்து நிற்கும். மாமி கோபித்தால் டொக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள். மீதித் தேசிக்காயைச் சொதிக்குப் பிழிந்துவிடலாம், பிழிந்த கையைக் கழுவிவிட்டு ஸ்கூட்டியை எடுங்கள்.